மொட்டை மாடி தேக்கு பெஞ்சில் எல்இடி ஸ்ட்ரிப்: ஒரு முனை மங்கல், மூலையில் மூன்று எரியவில்லை

கேள்வி:
வணக்கம். ஏழடி தேக்கு பெஞ்ச், இருக்கைப் பலகைக்கு அடியில் சுற்றிலும் 5 மீட்டர் ஸ்ட்ரிப். 12 வோல்ட், 5050 (5 மிமீ சதுர எல்இடி), மீட்டருக்கு 60 எல்இடி, ஐபி65 (தூசியும் பீச்சும் நீரும் தாங்கும் தரம்). எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் பெட்டி) மாடிப்படி அறைக்குள் இருக்கிறது. அங்கிருந்து 6 மீட்டர் 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயர். நான்கு மூலையிலும் வெட்டி, ஒயர் வைத்துச் சால்டர் செய்தது. இரண்டு மழைக்குப் பிறகு ஒரு மூலையில் மூன்று எல்இடி மட்டும் எரியவில்லை. கடைசி முனை முதல் நாளிலிருந்தே மங்கல். பின்பக்க டேப்பும் மரத்தை விட்டுத் தொங்குகிறது. மல்டிமீட்டரில் அளந்தால் எஸ்எம்பிஎஸ் 12.0, ஸ்ட்ரிப் ஆரம்பம் 10.8, முடிவு 9.1 வோல்ட். ஸ்ட்ரிப் மட்டமா?

பதில் 1:
ஸ்ட்ரிப்பில் குறை இல்லை. மங்கலும் எரியாததும் வேறு வேறு பிரச்சினை.

முதலில் மங்கல். இந்த ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட், 5 மீட்டருக்கு 72 வாட், அதாவது 6 ஆம்பியர். 6 மீட்டர் ஒயர் என்றால் போக வர 12 மீட்டர் செம்பு, 0.75-ல் அது கிட்டத்தட்ட 0.29 ஓம். வோல்ட் குறைந்ததால் இப்போது ஓடுவது சுமார் 4 ஆம்பியர்தான்; உங்கள் 1.2 வோல்ட் அங்கேதான் போகிறது. மீதி 1.7 வோல்ட் ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புப் பட்டையில். ஒயரை 2.5 ஸ்கொயர் எம்எம் ஆக்கி, ஸ்ட்ரிப்பின் நடுவில் சப்ளை கொடுங்கள். இரு பக்கமும் பாதி நீளம், பாதி கரண்ட் என்பதால் ஸ்ட்ரிப்புக்குள் இழப்பு கால் பங்காகிவிடும். இழப்பு குறைந்தால் கரண்ட் முழு 6 ஆம்பியரை நெருங்கும் என்பதால் எஸ்எம்பிஎஸ் 100 வாட்டுக்குக் குறையக் கூடாது.

புதிதாக வாங்குவதானால் 24 வோல்ட்டில், மீட்டருக்கு 5 வாட்டே போதும். பெஞ்சுக்கு அடியில் தரையில் விழும் வெளிச்சம் இதமாக இருக்க வேண்டும். 72 வாட் அங்கே கண்ணைக் கூசும். 25 வாட், 1 ஆம்பியர்தான். 24 வோல்ட் ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலும் ஆறு எல்இடிக்கு ஒருமுறைதான் வெட்ட முடியும், மூலை அளவை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
எரியாத மூன்றைப் பற்றி. 12 வோல்ட்டில் மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் ஒரே தொடர். ஒன்று அறுந்தால் மூன்றும் போகும். உங்கள் ஐபி65 ஸ்ட்ரிப்பில் இருப்பது மேல்பக்க சிலிக்கான் பூச்சு மட்டுமே. வெட்டிய மூலை திறந்த வாய். அங்கே சிலிக்கானை உரித்துப் பாருங்கள், செம்புப் புள்ளியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுரண்டினாலும் அரிப்பு நிற்காது. அந்த மூன்றை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு சால்டர் செய்யுங்கள். அழுத்திப் பூட்டும் கனெக்டர் வெளியிடத்துக்கு ஆகவே ஆகாது.

கேட்டவர்:
நன்றி சார். மூலையை அடைக்க பாத்ரூம் சிலிக்கான் போதுமா? டேப்புக்கு ஃபெவிக்விக் போடலாமா?

பதில் 2:
இரண்டும் வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். செம்பை அதுவே அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்' என்று டியூபில் போட்டதை வாங்கி, இணைப்பின் மேல் தடவி, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக்) குழாயைச் சூடாக்கிச் சுருக்குங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

ஃபெவிக்விக் காய்ந்தால் விறைத்துவிடும். வெயிலில் மரமும் ஸ்ட்ரிப்பும் அசைய, விட்டுப்போகும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் டேப்பும் நிலைக்காது. பலகையின் முன் விளிம்புக்கு உள்ளே, கீழிருந்து மரம் குடையும் ரூட்டர் மெஷினால் பள்ளம் எடுத்து அலுமினியச் சேனலை ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். சாதா இரும்பு ஸ்க்ரூ ஈரத்தில் தேக்கின் மேல் கருப்புக் கறை விடும். ஸ்ட்ரிப் சேனலுக்குள் ஒட்டினால் சூடும் இறங்கும். சேனல் கவரில் 30 செமீக்கு ஒரு சிறு துளை போடுங்கள். புகுந்த நீர் வெளியே வர வழி வேண்டும்.

பதில் 1:
ஒயர் பெஞ்சுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றுங்கள். மழைத்தண்ணீர் ஒயரோடு வழிந்து உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும். எஸ்எம்பிஎஸ்ஸை அறையை விட்டு வெளியே கொண்டுவர வேண்டாம், ஓட்டை போட்ட தகரப் பெட்டி வகையானால் நிச்சயம் கூடாது. அதன் எர்த் கட்டப்பட்டிருக்கிறதா, அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.