சாம் குக்கின் ஆரம்பகாலப் பதிவுகள்: உங்கள் காதுக்கு எப்படி வந்தன?

இழையைத் தொடங்கியவர்:

அமெரிக்கப் பாடகர் சாம் குக் என்றாலே பெரும்பாலோர் 1957இல் வந்த 'யூ செண்ட் மீ' என்ற காதல் பாட்டிலிருந்துதான் பேச ஆரம்பிப்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய காலம்தான் உயிர். 1951 முதல் 1957 வரை 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற காஸ்பல் (கறுப்பினத் தேவாலயங்களின் பக்திப் பாட்டு) குழுவில் அவர் பாட, லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்பெஷால்டி நிறுவனம் பதிவு செய்து வெளியிட்ட பாட்டுகள். அவை உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தன, எது விடாமல் பிடித்துக்கொண்டது என்று எழுதுங்கள்.

பெங்களூரில் இரவு ஷிப்ட் பார்த்த நாட்களில், ஏதோ ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக ஓடியது. அதுதான் 'ஜீசஸ் கேவ் மீ வாட்டர்'. வாத்தியம் எதுவும் காதில் விழவில்லை, குரல்கள் மட்டும்தான். கிணற்றடியில் இயேசுவைச் சந்திக்கும் சமாரியப் பெண்ணின் கதை. இரண்டரை நிமிடம்கூட இருக்காது. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன்.

'வாட்டர்' என்ற சொல் வரும் இடங்களைக் கவனியுங்கள். ஒரு தடவை பாடிய மாதிரி மறு தடவை பாட மாட்டார். ஒரு இடத்தில் சட்டென்று முடிப்பார், இன்னொரு இடத்தில் அந்தச் சொல்லை உடைத்து நாலைந்து சுரங்களில் இறக்கிவிடுவார். நம் பாடகர்களின் பிருகாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபடும். இத்தனையும் கொஞ்சம்கூடச் சிரமம் தெரியாமல்.

அந்தப் பதிவு நடந்தது 1951 மார்ச் 1. சாமுக்கு வயது இருபது. குழுவின் பெரிய பாடகர் ஆர். ஹெச். ஹாரிஸ் அதற்குச் சற்று முன்புதான் விலகியிருந்தார். அவர் பெயருக்காகவே இசைத்தட்டு வாங்கிய கூட்டம் உண்டு. அவர் இடத்தில் பெயர் தெரியாத ஒரு பையன் வந்து நிற்பதைப் பார்த்து நிறுவன முதலாளி ஆர்ட் ரூப்புக்குத் திகைப்பு. போதாக்குறைக்கு, அதே பாட்டை அதே நிறுவனத்துக்கு 'பில்கிரிம் டிராவலர்ஸ்' குழு ஏற்கெனவே பாடிக் கொடுத்திருந்தது. இவ்வளவு பாரத்தோடு ஒலிவாங்கி முன் நின்ற பையன் இவ்வளவு லேசாகப் பாடுகிறான் என்பதுதான் என்னை இன்னும் விடாத ஆச்சரியம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணன், நான் வந்தது 'டச் த ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்' வழியாக. பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத, ஸ்திரீ கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடும் கதையை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டாயிற்று. ஆனால் அந்த அம்மாள் கையிலிருந்த காசையெல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தவள் என்பது இந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரியை சாம் அழுது பாடவில்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த நிதானம்தான் என்னை அழ வைத்தது.

1956 பிப்ரவரியில் சிகாகோவில் பதிவான பாட்டு. பதிவுக்குப் போகும் வழியில், காரிலேயே பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு அதை அமைத்தார் என்று குழுவினர் சொன்ன கதை ஒன்று உண்டு. கேட்டால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. சுவிசேஷத்தில் இருக்கிற வரிசையிலேயே பாட்டும் போகிறது. நடுவில் 'வோ-ஓ-ஓ' என்று குரலைச் சுழற்றி ஒரு இழுப்பு வரும். பிற்பாடு காதல் பாட்டுகளில் அவருடைய முத்திரையாகிப்போன அதே இழுப்பு. எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலப் பாட்டு என்றாலே ஆகாது. இதை மட்டும் சமையல்கட்டிலிருந்து சத்தம் கூட்டச் சொல்வார்கள்.

சிகாகோவிலிருந்து:

இங்கே தெற்குப் பகுதியில், காட்டேஜ் குரோவ் சாலையை ஒட்டி 36ஆவது தெருவில் 'சாம் குக் வே' என்று பெயர்ப்பலகை இருக்கிறது. பிறந்தது மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல், 1931இல். வளர்ந்தது இந்தப் பக்கத்தில். அப்பா போதகர். சின்னப் பையன்கள் சேர்ந்து நடத்திய 'ஹைவே கியூசிஸ்' குழுவில் பாடிவிட்டுத்தான் சோல் ஸ்டிரர்ஸுக்குப் போனார்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வயதான கறுப்பினப் பெண்மணி இருந்தார். சிறுமியாக இருந்தபோது ஒரு சபையில் இந்தக் குழு பாடியதைப் பார்த்தவர். அதற்கு முன்பெல்லாம் காஸ்பல் கச்சேரிக்குப் பெரியவர்கள்தான் முன்வரிசையில் உட்காருவார்களாம். சாம் வந்தபிறகு பள்ளிக்கூடப் பெண்கள் முண்டியடித்து முன்னால் வந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். அவர் பேசியது குரலைப் பற்றி அல்ல, சாம் நின்ற நிற்பைப் பற்றித்தான் அதிகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, இப்போது டொராண்டோ:

எல்லாரும் மென்மை, நிதானம் என்று எழுதுறீங்கள். சரி, ஆனால் அது பாதிதான். 1955 ஜூலை 22, லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கத்தில் பதிவான 'நியரர் டு தீ'யைக் கேளுங்கோ. எட்டு நிமிஷத்துக்கு மேல் போகும். தட்டில் அடங்காத நீளம், பல வருஷம் கழித்துத்தான் வெளியில் வந்தது. அதைத் தந்தவர் இங்கே பழைய தட்டு விற்கிற ஒரு கடைக்காரர். காசு வாங்க முதலே ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார்.

இந்தக் குழுவில் முன்னணிப் பாடகர் ஒருவர் அல்ல, இருவர். மற்றவர் பால் ஃபாஸ்டர், கரகரத்த குரல், அடித்துப் பாடுவார். சாம் மெதுவாகக் கட்டிக்கொண்டு போவார், ஃபாஸ்டர் வந்து தீ வைப்பார். ஆனால் அன்றைக்கு சாமே கிழிந்த குரலில் கத்துகிறார். அரங்கத்தில் சனம் அலறுவது பதிவிலேயே ஏறியிருக்கு. 1954இல் ஜூலியஸ் சீக்ஸ் என்ற முரட்டுக் குரல்காரர் கொஞ்ச நாள் இந்தக் குழுவோடு பாடினவர். அவரோடு மேடை ஏறியதில்தான் சாமுக்கு இந்த முரட்டுத்தனம் ஒட்டியது என்று நான் நம்புறேன். 1963இல் மயாமி ஹார்லம் ஸ்குவேர் கிளப்பில் அவர் பாடின பதிவைக் கேட்டவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். அதுவும் 1985 வரை வெளியில் வரவில்லை.

இழையைத் தொடங்கியவர்:

டொராண்டோ நண்பருக்கு நன்றி. ஷ்ரைன் பதிவை நேற்று இரவு மறுபடி கேட்டேன், நீங்கள் சொன்னது சரி.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். 'வொண்டர்ஃபுல்' என்று கடவுளைப் பற்றி அவர் பாடிய பாட்டு. அதையே கொஞ்சம் மாற்றி, காதலியைப் பற்றி 'லவபிள்' என்று பாடி, காஸ்பல் ரசிகர்கள் கோபிக்கக்கூடாதே என்று 'டேல் குக்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். அந்தக் குரலை யார் மறைக்க முடியும்? எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் மெட்டு ஒன்றுதான். ஆனால் முதலாவதில் அவர் சாய்ந்துகொள்ளப் பின்னால் குழுவின் குரல்கள் இருக்கின்றன. இரண்டாவதில் அந்தச் சுவரே இல்லை. என் காதுக்கு முதலாவதுதான் பெரிய பாட்டு. உங்களுக்கு எது என்று எழுதுங்கள், குறிப்பாகப் பாளையங்கோட்டைச் சகோதரி. அம்மாவையும் கேட்டுச் சொல்லுங்கள்.