அம்மாவின் கிறிஸ்துமஸ் பெட்டி: கதை தெரியாத தொங்கல்களை என்ன செய்வது?

நடுமகள் கேட்டது:

வணக்கம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பொருள்களைப் பற்றித்தான் கேட்கிறேன். ஆனால் மரத்தை எப்படி அழகுபடுத்துவது என்பது என் கேள்வியன்று. எங்கள் அம்மா சென்ற ஆண்டு காலமானார். ஒவ்வொரு டிசம்பரிலும் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, ஒவ்வொரு பொருளாகத் தாளைப் பிரித்து எடுத்து, "இது எந்த வருஷத்தது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் தாமே கதையைத் தொடங்கிவிடுவார். பிள்ளைகள் நாங்கள் மூவர். ஆண்டுதோறும் அதே கதைதானே என்ற எண்ணத்தில் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு, விளக்குச் சரத்தின் சிக்கை எடுப்பதிலேயே குறியாக இருந்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெட்டியில் மொத்தம் 41 பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பதினைந்துக்குத்தான் எங்கள் மூவருக்கும் கதை தெரியும். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை வெட்டிச் செய்த ஒரு சிறிய நட்சத்திரம் இருக்கிறது. தம்பி காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்தபோது, அவன் கட்டிலின் அருகில் உட்கார்ந்து அம்மா செய்தது அது. அதன் ஒரு முனையில் மருந்தின் பெயரில் இரண்டு எழுத்துகள் இன்னும் தெரிகின்றன. சிவப்புக் கண்ணாடி உருண்டை ஒன்றில், அம்மாவின் கட்டைவிரல் பிடிக்கும் இடத்தில் மட்டும் சாயம் தேய்ந்து வெள்ளி தெரிகிறது. இப்படிச் சிலவற்றைச் சொல்ல முடிகிறது. மற்றவை அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

தெரிந்த கதைகளிலும் தகராறு உண்டு. நீல நிறக் கண்ணாடி மணி ஒன்றைத் தம்பி பிறந்த 1992-இல் வாங்கியதாக அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்காவோ, தாம் பிறப்பதற்கும் முன்பு அப்பா ஒரு பயணத்திலிருந்து கொண்டுவந்தது அது என்று உறுதியாகச் சொல்கிறார்.

பெட்டியை மூன்றாகப் பிரித்துக்கொள்வதா, ஒரே இடத்தில் வைப்பதா என்பதும் முடிவாகவில்லை. மறந்துபோன கதைகளை மீட்க வழி உண்டா? பொருள்கள் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழம்பெட்டி எழுதியது:

கதைகளை மீட்பது பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். பொருள்களைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அன்பு மிகுதியால் துடைத்துத் துடைத்தே பாழாக்கப்பட்ட உருண்டைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். என் கையாலேயே ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன்.

பழைய கண்ணாடி உருண்டையின் பளபளப்பு வெளியிலிருந்து வருவதன்று. ஊதிய மெல்லிய கண்ணாடியின் கழுத்து வழியாக வெள்ளி நைட்ரேட் கரைசலை உள்ளே ஊற்றிக் குலுக்கி, உட்சுவரில் வெள்ளி படியச் செய்வார்கள். வண்ணச் சாயத்தை அதன் பிறகுதான் வெளியே பூசுவார்கள். ஆகவே ஈரத்துணி இரண்டு வழிகளில் கெடுதல் செய்யும். வெளிச் சாயம் பல உருண்டைகளில் தண்ணீர் பட்டாலே கரைந்து துணியோடு வந்துவிடும். கழுத்து வழியாக உள்ளே இறங்கும் ஈரமோ வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். சவர்க்காரம், வினிகர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். மென்மயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டிவிடுவது போதும். உங்கள் சிவப்பு உருண்டையில் சாயம் தேய்ந்த இடத்தை மீண்டும் வண்ணம் தீட்டி "சரிசெய்ய" யாராவது முன்வந்தால், தயவுசெய்து அவர் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

எடுக்கும்போது மேலே உள்ள உலோக மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அந்த மூடியை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு கம்பிக் கால்கள் மட்டுமே. அவை நழுவினால் மூடி உங்கள் விரலில் இருக்கும், உருண்டை தரையில் இருக்கும். உடலை உள்ளங்கையில் ஏந்தி எடுங்கள். மரத்தில் மாட்டிய பின் கொக்கியின் வாயைக் கிளையோடு சேர்த்து நெருக்கி மூடிவிடுங்கள்.

பரணில் வைப்பதை நிறுத்துவது நல்லது. வெயில் காலத்தின் சூடும் மழைக் காலத்தின் ஈரமும் மாறி மாறித் தாக்கும் இடத்தில் சாயம் செதில் செதிலாக உரியும். செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை ஒட்டும், தாளின் அமிலமும் நாளடைவில் கெடுதல் செய்யும். அமிலம் நீக்கிய மெல்லிய தாள்தான் ஏற்றது. ரப்பர் வளையம் பெட்டிக்குள்ளேயே இருக்கக் கூடாது, ஏனென்றால் அதிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். குழந்தைகள் மாவும் உப்பும் பிசைந்து செய்தவை ஏதேனும் இருந்தால் அவற்றைத் தனியே வேறு பெட்டியில் வையுங்கள். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகும், பூச்சியையும் அழைத்து வரும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஜிகினா இழைகள் கனமாக, துவண்டு நேராகத் தொங்குபவையாக இருந்தால் அவை ஈயத்தால் ஆனவையாக இருக்கக்கூடும். அமெரிக்காவில் 1972 வாக்கில்தான் அவற்றைக் கைவிட்டார்கள். நினைவுப் பொருளாக வைத்திருக்க விரும்பினால் மூடிய உறையில் இட்டு வையுங்கள்; குழந்தைகள் கைபடும் மரத்தில் போட வேண்டாம்.

மூத்த மருமகள் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியில் ஒன்றைக் கவனித்தேன். கதை தெரிந்தவர்கள் என்று பிள்ளைகள் மூவரை மட்டுமே எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் அக்காவின் கணவரையோ தம்பியின் மனைவியையோ கேட்டீர்களா?

நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் டிசம்பரில், என் மாமியார் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எனக்குக் கதை சொன்னார். அவர் பிள்ளைகள் எல்லோரும் அடுத்த அறையில் இருந்தார்கள். அவர்களுக்கு அது பழங்கதை. எனக்கோ எல்லாமே புதிது. யார் யாருடன் பேசாமல் இருந்தார்கள், எந்த ஆண்டு கையில் காசில்லாமல் வாதுமைக் கொட்டையின் ஓட்டுக்குப் பொன்வண்ணம் பூசி மாட்டினார்கள், சிறு வயதிலேயே இறந்துபோன நாத்தனாரின் கையெழுத்து எந்த அட்டைத் தேவதையின் முதுகில் இருக்கிறது என்பதையெல்லாம் அன்றுதான் அறிந்தேன். அந்தக் குடும்பத்துக்குள் நான் நுழைந்தது அந்தப் பெட்டி வழியாகத்தான் என்று சொல்லலாம். மாமியார் மறைந்த பிறகு, என் கணவருக்குத் தெரியாத கதைகள் எனக்குத் தெரிந்திருந்தன. புதிதாக வந்தவர்களிடம்தான் பெரியவர்கள் முழுக் கதையையும் சொல்வார்கள். பிள்ளைகளிடம் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள், மீதி தெரியும் என்ற நம்பிக்கையில்.

பிரித்துக்கொள்வது குறித்து: நாங்கள் முதலில் எண்ணிக்கையைச் சமமாக்கிப் பிரித்தோம். அது தவறாக முடிந்தது. எனக்கு வந்த பங்கில் பாதி, என் கொழுந்தனார் சிறுவயதில் செய்தவை. அவருக்குப் போனதில் என் கணவரின் பெயர் எழுதியவை. பிறகு பெட்டி முழுவதும் ஆண்டுக்கு ஒரு வீடு என்று சுற்றிவரட்டும் என முடிவு செய்தோம். நான்கு ஆண்டுகள் நன்றாக நடந்தது. ஐந்தாம் ஆண்டு ஒருவர் வீடு மாறிப் போனார், பெட்டி வரவில்லை, அதைக் கேட்பதற்கும் எவருக்கும் வாய் வரவில்லை. இப்போது எங்களிடையே இருக்கும் ஏற்பாடு எளிது: எந்தப் பொருளின் கதையை யார் நன்றாகச் சொல்வாரோ, அது அவரிடம் இருக்கும். எண்ணிக்கையில் எனக்கு அதிகம் வந்தது. அதில் ஒருவருக்குச் சிறிது வருத்தம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்துவிடுங்கள். பெரியவர்களிடம் கேட்கும்போது, "அம்மாவின் பொருள்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எடையும் தொடுகையும் செய்யும் வேலையைக் கேள்வி செய்வதில்லை.

மூடிவாசகன் எழுதியது:

நீல மணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சகோதரிகளின் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் அந்த மணியின் உலோக மூடியை யாரேனும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தீர்களா?

ஊதிய கண்ணாடித் தொங்கல்களின் தாயகம் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லௌஷா என்னும் சிற்றூர். 1597-இல் ஒரு கண்ணாடி உலையைச் சுற்றி உருவான ஊர் அது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வீடுவீடாகப் பழங்களையும் கொட்டைகளையும் உருண்டைகளையும் ஊதினார்கள். வீட்டில் ஆண்கள் ஊத, பெண்கள் வெள்ளி பூசி வண்ணம் தீட்டினார்கள். 1880 முதல் அமெரிக்க வணிகர் உல்வர்த் அவற்றை வாங்கி விற்கத் தொடங்கியதும் அது பெருந்தொழிலாயிற்று. ஏற்றுமதிக்கான பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இருந்ததால், மூடியின் விளிம்பிலோ அட்டைப்பெட்டியின் அடியிலோ சிறிய எழுத்துகள் கிடைக்கக்கூடும். "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் அது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. அந்தப் பெயரில் ஒரு நாடு இருந்தது அவ்வளவு காலந்தான். பொறிப்பு எதுவும் இல்லையென்றால் அதிலிருந்து ஒன்றையும் முடிவு செய்ய இயலாது.

மற்ற நாற்பதிலும் இப்படிப் பாருங்கள். உலோகத்துக்குப் பதில் அட்டையால் ஆன மூடியும், உள்ளே வெள்ளி இல்லாமல் வெறுங்கண்ணாடியின் மேல் வண்ணக் கோடுகளும் இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க உருண்டையாக இருக்கலாம். போருக்கு உலோகம் தேவைப்பட்டதால் அப்படிச் செய்தார்கள்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். மூடி சொல்வது அது செய்யப்பட்ட காலத்தை. வீட்டுக்கு வந்த காலத்தையன்று.

சிதறல் எழுதியது:

எல்லோரும் பாதுகாப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கருத்து சற்று வேறு. குழந்தைகள் கையில் கொடுக்காத தொங்கலுக்குக் கதை சேர்வதே இல்லை. எங்கள் வீட்டில் பாட்டி வைத்திருந்த பொன்னிற உருண்டை ஒன்றை என் மகன் நான்கு வயதில் கீழே போட்டு உடைத்தான். அழுதான், நானும் கோபப்பட்டேன். கடைசியில் தரையில் மிஞ்சியது மூடியும் கொக்கியும் மட்டுமே. அந்த வெறும் மூடியை அன்றே மரத்தில் மாட்டினோம், இன்றும் மாட்டுகிறோம். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான், அப்போது பாட்டியின் கதையை என் மகனே சொல்கிறான். அவன் பாட்டியைப் பார்த்ததில்லை.

அரிதானவற்றை மேல் கிளையிலும், உடையாதவற்றைக் கீழ்க் கிளையிலும் மாட்டினால் போதும். பெட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் பூட்டி வைக்காதீர்கள்.

நடுமகள் மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆயிற்று, ஏனென்றால் சொல்வதற்கு ஏதேனும் சேரட்டும் என்று காத்திருந்தேன்.

மூடிவாசகன் அவர்கள் சொன்னபடி பார்த்தோம். மணியின் மூடியில் "மேற்கு ஜெர்மனி" என்ற எழுத்துகள் தேய்ந்த நிலையில் தெரிகின்றன. எனவே 1992-இல் செய்யப்பட்டதாக இருக்க முடியாது. அக்கா தொலைபேசியில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சிரித்தார், அது போதுமானதாக இருந்தது. ஆனால் மூத்த மருமகள் அவர்களின் யோசனைப்படி தம்பியின் மனைவியிடம் மணியைக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, அவர் வேறொன்று சொன்னார். அப்பா கொண்டுவந்தது இரண்டு மணிகளாம். முதல் ஆண்டிலேயே ஒன்று உடைந்துவிட, மற்றதை அம்மா பயந்து வெளியில் எடுக்காமலே வைத்திருந்து, தம்பி பிறந்த ஆண்டில்தான் முதன்முறையாக மரத்தில் மாட்டினாராம். இதை அம்மா அவரிடம் சொன்னது, அவர் கருவுற்றிருந்த டிசம்பரில். அக்கா இதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. அப்படியொரு இரண்டாவது மணியைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்.

தம்பியின் மனைவிக்கு, எங்கள் மூவருக்கும் தெரியாத ஏழு கதைகள் தெரிந்திருந்தன. சித்தி இரண்டு சொன்னார். ஆக, 41-இல் இருபத்து நான்குக்கு இப்போது கதை இருக்கிறது. பரணிலிருந்து பெட்டியை அலமாரிக்கு மாற்றிவிட்டோம், ரப்பர் வளையங்களைக் களைந்துவிட்டோம். பிரிப்பதை இந்த ஆண்டு ஒத்திவைத்திருக்கிறோம். முதலில் எல்லோரும் ஒரே மரத்தடியில் ஒருமுறை கூடுவோம் என்று தம்பி சொன்னான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சீட்டை நூலில் கட்டி, மை பரவாதிருக்கப் பென்சிலால் எழுதி வருகிறேன். நீல மணியின் சீட்டில் என்னுடையது, அக்காவுடையது, தம்பியின் மனைவி சொன்னது என மூன்றையும், சொன்னவர் பெயரோடு எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை. மூன்றாவது கதை பின்பக்கத்தில் இருக்கிறது.