புதுப்பிப்பு: ஏ மைனரில் ஈ செவன் வரும் இடம்

ஏ மைனர் பாட்டுக்கு வாசிக்கும்போது முழுக்க நேச்சுரல் மைனரையே (ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி; நம்ம நடபைரவி) ஓட்டினா எங்கே இடிக்கும்னு என் முந்தைய இழையில ராயபுரம் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். ஈ செவன்லதான். அந்தக் கார்டுக்குள்ள (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்: ஈ, ஜி ஷார்ப், பி, டி) ஜி ஷார்ப் இருக்கு; நீங்க ஜி-யைப் பிடிச்சு நின்னா ரெண்டும் மோதும். அங்கே மட்டும் ஜி-க்குப் பதிலா ஜி ஷார்ப் வர்ற ஏ ஹார்மோனிக் மைனர், நம்ம கீரவாணி. ஈ-யிலிருந்து எண்ணினா அதே சுரங்கள் வகுளாபரணம்: ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி. எஃப்-லிருந்து ஜி ஷார்ப்புக்கு 3 அரைச்சுரத் தாவல், ருசியே அதுதான். அடுத்து ஏ மைனர் கார்டு விழும்போது ஜி ஷார்ப்பை ஏ-யில கொண்டுபோய் நிறுத்துங்க.

பி ஹாஃப் டிமினிஷ்டு கார்டுக்கு (பி, டி, எஃப், ஏ) நடபைரவி சுரங்களே போதும், சி-யில மட்டும் நிக்காதீங்க.

டோரியன், அதாவது எஃப்-க்குப் பதிலா எஃப் ஷார்ப் வர்ற கரகரப்பிரியா, ஏ மைனரும் டி மேஜரும் மாறி மாறி வர்ற மெட்டுக்கு. டி மைனர் வந்தா அதுல எஃப்தான் இருக்கு, எஃப் ஷார்ப் கெடுத்துடும். ரெண்டே கார்டுல சுத்துற கானாவுக்கு வாசிக்கிறவங்க அந்த டி மேஜரா மைனரான்னு முதல்ல கேட்டு வெச்சுக்கோங்க.