பிறேக்கை மிதித்தபோது நின்றுபோன சிமிட்டல்

கடந்த வருடம் எனது வானை விற்பதற்காக, அதனை நல்ல மத்தியான வெயிலில் கல்லடிக் கடற்கரையோரம் நிறுத்தி, விளக்குகளை எரியவிட்டு, கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துக் கல்முனையிலுள்ள மைத்துனருக்கு அனுப்பினேன். "மச்சான், பின்லைற் வெட்டி வெட்டி எரியுது, வயறிங்கில ஏதோ பிழை போல" என்றார் அவர். நேரில் பார்த்தால் விளக்கு சீராகவே எரிந்தது. ஆயினும் ஐயம் விடாததால் ஒரு கராஜிற்குக் கொண்டு சென்றேன். ஏர்த் வயரை மாற்றிக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் எடுத்த வீடியோவிலும் அதே சிமிட்டல்தான்.

பிறகுதான் அதனை ஆறுதலாக உட்கார்ந்து பார்த்தேன். மகன் பிறேக்கை மிதித்த இடத்தில் சிமிட்டல் அறவே இல்லை. காலை எடுத்ததும் மீண்டும் தொடங்கியது. இலக்கத்தகட்டின் மேலிருந்த பழைய இழை மின்குமிழோ முழுநேரமும் சீராக எரிந்தது. வயரில் தளர்வு இருந்தால் அது வெறுங்கண்ணுக்கும் தெரியும், மின்னோட்டம் கூடுகின்ற பிறேக்கின்போது இன்னும் மோசமாகும்.

விடயம் இதுதான்: எனது வானில் ஒரே எல்.ஈ.டி. தொகுதியே பின்விளக்காகவும் பிறேக் விளக்காகவும் வேலை செய்கிறது. பிறேக்கின்போது அது தொடர்ந்து எரியும். மங்கலாக எரிய வேண்டியபோது மிக வேகமாக அணைந்து அணைந்து எரியும். இழைக்குமிழ் அந்த இடைவெளியில் சூடு ஆறாது, எல்.ஈ.டி. உடனே அணைந்துவிடும். செக்கனுக்கு 200 தடவை என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 5 மில்லிசெக்கன். நமது கண் அதனைத் தொடர்ந்த ஒளியாகவே காணும். கொளுத்தும் வெயிலில் கமரா ஒவ்வொரு சட்டகத்தையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்தையும், 1/1000 செக்கன் அளவிலேயே பதிவதால், அந்தக் கணம் எரியும் வேளையிலும் அமையலாம், அணைந்த வேளையிலும் அமையலாம். செக்கனுக்கு 30 சட்டகமென்றால் 200 ஐ 30 ஆல் மீதியின்றிப் பிரிக்க முடியாது; அதற்கு மிகக் கிட்டிய 30 இன் மடங்கு 210, வித்தியாசம் 10. ஆகையால் வீடியோவில் செக்கனுக்குப் பத்துத் தடவை துடிப்பதுபோல் தெரியும். 25 சட்டகமென்றால் சரியாகப் பிரியும். அப்போது சிமிட்டல் இருக்காது, ஆனால் விளக்கு முழுநேரமும் அணைந்தே கிடப்பதாகவும் பதிவாகக்கூடும்.

பொழுதுபடும் நேரத்தில், ஷட்டரை, அதாவது ஒரு சட்டகம் பதியும் நேரத்தை, 1/50 செக்கனுக்கு மாற்றி மறுபடியும் எடுத்தேன். ஒரு சட்டகத்துக்குள் நான்கு முழுச் சுற்றுகள் அடங்கியதால் விளக்கு ஆடாமல் எரிந்தது. மைத்துனர் வானை எடுத்துக்கொண்டார்; ஆனால் அந்த முதல் வீடியோவைக் காட்டியே விலையைக் கொஞ்சம் குறைத்தும் விட்டார்.