திருநங்கைகளின் ஜமாத் தருவது சொந்தமா, கட்டுப்பாடா?

முகிலன்_திருச்சி:
குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று தன்பாலீர்ப்புப் பெண் ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதிலிருந்து, 'தேர்ந்தெடுத்த குடும்பம்' பற்றித்தான் எங்கும் பேச்சு. நானும் தன்பாலீர்ப்பாளன்தான். ஆனால் அடையாளம் ஒன்றாக இருந்தால் சொந்தம் வந்துவிடுமா? நகரத்தில் எங்களவர் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். சரளமாக இங்கிலீஷ் வராதவன் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

செல்வி_விழுப்புரம்:
அதை வைத்து எடை போடாதீங்க தம்பி. நான் திருநங்கை. சித்திரையில் எங்கள் கூவாகம் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். முன்பின் தெரியாத சின்னவள் 'பாம்படுத்தி' என்று வணங்குவாள், மூத்தவள் வாழ்த்துவாள். அடுத்த கேள்வி, 'நீ யார் மகள்?' பதில் சொன்னதும் அம்மா, நானி (பாட்டி) என்று முறை வந்துவிடும். அரவானுக்குக் கட்டிய தாலியை மறுநாள் அறுக்கும்போது அத்தனை பேரும் சேர்ந்துதான் அழுவோம். எனக்கு ஆபரேஷன் ஆனபோது நாற்பது நாளும் வெந்நீர் வைத்துக் கொடுத்தது என்னை மகளாக ஏற்ற மூத்த திருநங்கை, என் ஜமாத் அம்மாதான், பெற்றவள் இல்லை. இப்படி அம்மா, மகள் என்று சேர்ந்த குடும்பம்தான் ஜமாத்.

முகிலன்_திருச்சி:
அந்த அம்மாவுக்கு மகள்கள் வசூல் செய்யும் காசில் பங்கு போகிறதே? ஜமாத் மாறினால் தண்டம் கட்ட வேண்டுமே? அதையும் சொல்லுங்கள் அக்கா.

செல்வி_விழுப்புரம்:
போகிறது, மறைக்கவில்லை. தண்டம் எனக்கும் பிடிக்காது. ஆனால் 2008இல்தான் அரசின் திருநங்கைகள் நல வாரியமே வந்தது. அதற்கு முன்னால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவளுக்குப் படுக்க இடம் கொடுத்தது யார்? பங்கு கேட்காத சொந்தக்காரர்களா?

கதிர்_மதுரை:
இரண்டு பேரும் எங்களை விட்டுவிட்டீர்கள். நான் திருநம்பி, பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண். எனக்கு ஜமாத் கிடையாது, இருப்பது ஒரு சின்ன வாட்ஸப் குழு. மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டர் என்ன சைஸ், வெயிலில் எவ்வளவு நேரம் போடலாம், எந்த டாக்டர் முகம் சுளிக்காமல் ஹார்மோன் ஊசி போடுவார்... இதுதான் எங்கள் பேச்சு. அடையாளம் ஒன்றென்பதால் சொந்தம் வராது, சரி. ஆனால் இதையெல்லாம் அண்ணன் தம்பியிடம் கேட்க முடியுமா?

முகிலன்_திருச்சி:
அந்தக் குழுவில் யாரும் சாதி கேட்டதில்லையா?

கதிர்_மதுரை:
ஒருவன் கேட்டான். பெரிய சண்டை. அவனை நீக்கினோம், அவனோடு இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவன்தான் எனக்கு முதன்முதலில் டாக்டர் நம்பர் கொடுத்தவன். இன்றுவரை அவனிடம் பேசவில்லை.

செல்வி_விழுப்புரம்:
ஜமாத்திலும் சாதி தலைகாட்டும். முகிலன், வரும் சித்திரைக்கு வாங்க. பங்கெல்லாம் கேட்க மாட்டோம்!

முகிலன்_திருச்சி:
வருகிறேன் அக்கா. தண்டம் விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.