பஞ்சு வைப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

குழு: அம்மம்மா வீட்டார் (கனடா)

சுதா: எல்லோருக்கும் வணக்கம். பேஸ்மென்ட் விஷயமாக ஒரு கேள்வி. நாங்கள் ரொறொன்ரோ ஸ்காபரோவில் வாங்கிய வீடு 1956இல் கட்டியது, பங்களோ, கீழே சுவர் முழுக்க கொங்கிரீட் பிளாக். மேலே 21 பாகையில் ஃபர்னஸ் ஓடுகிறது, கீழே காலுறை இல்லாமல் நிற்க முடியவில்லை. ஒரு கொன்ட்ராக்டர் வந்து பார்த்தார். சுவரோடு ஒட்டி மரச்சட்டம் அடித்து, குளிரைத் தடுக்கிற பிங்க் கண்ணாடிப் பஞ்சு வைத்து, மேலே பொலித்தீன் விரித்து ட்ரைவோல் (ஜிப்சம் பலகை) போட்டால் ஒரு வாரத்தில் முடியும் என்கிறார். நத்தாருக்கு முன்னமே முடித்துத் தருவாராம். சரி என்று சொல்லட்டுமா?

பவானி பெரியம்மா: சொல்லு பிள்ளை. சின்னவன் கீழேதானே விளையாடுகிறான், சளி பிடிக்கப் போகிறது.

குகன் மாமா: சொல்லாதே. வேலையில் நிற்கிறேன், வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்.

தர்ஷி: மாமா வீட்டுக்குப் போய் எழுதுகிறேன் என்றால் எல்லோரும் இப்போதே சாப்பிட்டு முடியுங்கள்.

குகன் மாமா: வந்துவிட்டேன். சுதா, முதலில் இதைச் சொல். சுவரின் கீழ்ப் பக்கத்தில் வெள்ளைப் பொடி மாதிரி எங்கேயாவது பூத்திருக்கிறதா? மழைக்குப் பிறகு புழுங்கல் மணம் வருமா?

சுதா: (படம்) வடக்கு மூலையில் இப்படி இருக்கிறது. பழைய பெயின்ட் உதிர்கிறது என்று நினைத்தோம். மணம் கோடையில் இருந்தது, இப்போது இல்லை. தண்ணீர் தேங்கி ஒருநாளும் காணவில்லை.

குகன் மாமா: அது பெயின்ட் இல்லை, உப்பு. வெளியே மண்ணில் இருக்கிற ஈரம் பிளாக்குக்குள் ஊறி வந்து, உள்ளே காய்கிறபோது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. இப்போது சுவர் வெறுமையாக இருப்பதால் வருகிற ஈரம் வந்தபடியே காய்ந்துவிடுகிறது, அதனால்தான் நீ தண்ணீரைக் காணவில்லை. அதன் முன்னால் பஞ்சையும் பொலித்தீனையும் வைத்தால் காய வழி இருக்காது. மரச்சட்டத்தின் அடிக்கட்டை ஈரத்திலேயே இருக்கும், பஞ்சு நனைந்து தொங்கும், பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். ட்ரைவோல் மட்டும் முன்னால் பளபளவென்று நிற்கும். உனக்கு அது தெரியவர எட்டு பத்து வருடம் ஆகலாம், அதற்குள் அந்தக் கொன்ட்ராக்டருடைய போன் இலக்கமே மாறியிருக்கும்.

தர்ஷி: நாங்கள் பிரம்டனில் முதலில் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட் ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்காரர் ஒரு சுவரைப் பிரித்தபோது உள்ளே கறுப்பாக இருந்தது, பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போல. அப்புறம்தான் எனக்கு ஏன் எப்போதும் இருமல் என்று யோசித்தேன்.

சுதா: ஆனால் அவர் எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறோம் என்கிறாரே மாமா.

குகன் மாமா: செய்கிறார்கள்தான், நான் பொய் சொல்லவில்லை. வெளியே நல்ல நீர்த்தடுப்பும் வடிகாலும் உள்ள வீட்டில் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். உன்னுடையது எழுபது வயது பிளாக் சுவர். அந்தக் காலத்தில் வெளிப்பக்கம் தார் பூசினார்கள், அவ்வளவுதான். அடியில் களிமண் வடிகுழாய் வைத்திருந்தாலும் இன்றைக்கு அதற்குள் மண்ணோ மரவேரோ போயிருக்கலாம்.

குகன் மாமா: அதனால் முதல் வேலை வீட்டுக்கு வெளியே. கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே வந்து விழுகிறது?

சுதா: முன்னால் ஒன்று புல்லுக்குப் போகிறது. பின்னால் உள்ளது... பொறுங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

சுதா: (படம்) வடக்கு மூலையில் சுவரோடு.

குகன் மாமா: பார்த்தாயா. ரொறொன்ரோவில் கூரைக் குழாயைச் சாக்கடையில் இருந்து பிரித்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது, கட்டம் கட்டமாக வந்து 2016 கடைசியில் நகரம் முழுவதற்கும் ஆனது. நல்ல விதிதான், பெருமழைக்குச் சாக்கடை நிரம்பி வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க. ஆனால் நிறையப் பேர் குழாயை வெட்டி, ஒரு முழங்கைக் குழாய்த் துண்டை மாட்டி, அப்படியே சுவரடியில் விட்டுவிட்டார்கள். பாதிக் கூரையின் தண்ணீர் அந்த ஒரு மூலையில் விழுகிறது. ஒரு நீட்டுக் குழாய் வாங்கி ஆறு அடியாவது தள்ளி விடு, மண்ணும் வீட்டை விட்டு வெளியே சரிகிற மாதிரி நிரப்பு. நிலம் உறைவதற்கு முன் செய். அந்த மூலையில் பாதிப் பிரச்சினை அதோடு போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ராசன் சித்தப்பா: மொன்றியலில் எங்களுடையது கருங்கல் அத்திவாரம், சுண்ணாம்புச் சாந்து. உள்ளே ஃபோம் அடிக்கலாமா குகன்?

குகன் மாமா: உங்களுடையது வேறு கதை அண்ணை. அதை உள்ளே இருந்து மூடினால் கல்லும் சாந்தும் முன்பைவிடக் குளிர்ந்து, ஈரமும் இருந்தால் உறைந்து உருகிப் பொருக்குப் பொருக்காக உதிரும். அங்கே கல் அத்திவாரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒன்றும் செய்யவேண்டாம்.

பவானி பெரியம்மா: தண்ணீர் தண்ணீர் என்று எழுதுகிறீர்கள், பிள்ளை குளிர் என்றல்லவா கேட்டாள்?

நிரோஷன்: குளிருக்கு நான் வருகிறேன் பெரியம்மா. சுதா, உனக்குக் காலில் அடிக்கிற குளிர் பெரும்பாலும் சுவர் வழியாக வருவது இல்லை, சுவரின் தலையில் இருந்து இறங்குவது. பிளாக் சுவர் முடிகிற இடத்தில் ஒரு மரக்கட்டை படுத்திருக்கும், அதன்மேல் மேல்தளத்தைத் தாங்குகிற மர விட்டங்கள், ஜோய்ஸ்ட் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அவற்றின் முனையை மூடி வெளிப்பக்கம் ஒரு பலகை ஓடும். அதைத்தான் ரிம் ஜோய்ஸ்ட் என்கிறோம். 1956இல் கட்டையை வெறும் பிளாக்கின் மேல் வைத்தார்கள், இடையில் ஒன்றும் இல்லை. வீட்டைச் சுற்றி முழுக்க அந்த இடுக்கு ஓடுகிறது. பிளாக்கின் உள்ளே வேறு பொள்ளல், தலை திறந்திருந்தால் அதற்குள்ளும் காற்று ஓடும்.

நிரோஷன்: மாரியில், அதாவது இந்தப் பனிக்காலத்தில், வீடே ஒரு புகைக்கூண்டு மாதிரி. சூடான காற்று ஏறி சீலிங் ஓட்டைகளால் கூரைக்கு அடியில் இருக்கிற அட்டிக்குக்குப் போகிறது, போன அளவுக்குக் கீழே இருந்து குளிர்காற்றை இழுக்கிறது. அதனால் பேஸ்மென்டைச் சாத்துகிறபோது அட்டிக் மூடியையும் சாத்தவேண்டும், அதற்கு ரப்பர்ப் பட்டி போட்டாலே வித்தியாசம் தெரியும்.

தர்ஷி: எங்கே காற்று வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பெரிய ஃபேன் வைத்துச் செய்கிற டெஸ்டா?

நிரோஷன்: புளோவர் டோர். வாசலில் ஃபேனைப் பூட்டி 50 பாஸ்கல் அழுத்தத்தில் வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை தரம் மாறுகிறது என்று அளப்பார்கள். ஆர்-2000 என்ற கனடாவின் எரிசக்திச் சிக்கனத் தரத்தில் கட்டுகிற வீடு 1.5க்கு மேல் போகக்கூடாது. பழைய வீடுகள் அதன் பல மடங்கு வரும். ஆனால் இன்றைக்கே பார்க்கவேண்டும் என்றால் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து, குசினி ஃபேனையும் குளியலறை ஃபேனையும் போட்டுவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ரிம் ஜோய்ஸ்ட் வழியே மெதுவாக நட. புகை உள்பக்கம் வளைகிற இடத்தில் சோக்கால் கோடு போடு.

பவானி பெரியம்மா: சாமியறைப் பத்தியை இதற்கா எடுப்பது?

நிரோஷன்: சாமிக்கும் குளிருமே பெரியம்மா.

சுதா: செய்து பார்த்தேன். ட்ரையர் குழாய், காஸ் குழாய், ஏசிக் குழாய் போகிற ஓட்டை எல்லாவற்றிலும் புகை உள்ளே வளைகிறது. ஜோய்ஸ்டுகளுக்கு நடுவில் யாரோ பழைய பஞ்சைத் திணித்து வைத்திருக்கிறார்கள், இழுத்துப் பார்த்தால் பின்பக்கம் கறுத்திருக்கிறது.

குகன் மாமா: பஞ்சு காற்றைத் தடுக்காது, வடிகட்டும். அந்தக் கறுப்பு பாதி தூசி. அதைவிட மோசம் என்னவென்றால் வீட்டுக் காற்று அதை ஊடுருவிக் குளிர்ந்த பலகையைத் தொடுகிறது. வீடு 21 பாகையும் ஈரப்பதம் 40 வீதமும் என்றால், ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இருக்கிற எதிலும் தண்ணீர் கோக்கும். ஜனவரியில் அந்தப் பலகை உறைநிலைக்கே போகும். மேலே ஒருவர் நாளெல்லாம் புட்டு அவித்தால் ஈரப்பதம் 40இல் நிற்குமா?

பவானி பெரியம்மா: இப்போது புட்டிலும் குற்றமா?

குகன் மாமா: குற்றம் இல்லை அக்கா, ஃபேனைப் போட்டுவிட்டு அவியுங்கள்.

குகன் மாமா: சரி, ரிம் ஜோய்ஸ்டுக்கு நான் செய்வது இது. பழைய பஞ்சை மாஸ்க் போட்டுக்கொண்டு எடுத்துப் பையில் கட்டிவிடவேண்டும். மரம் காய்ந்திருக்கிறதா, உக்கியிருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். பிறகு கட்டைக்கும் பிளாக்குக்கும் இடையிலான இடுக்கில் கோல்க் என்கிற அடைப்புப் பசை, இரண்டு அங்குல ஃபோம் போர்ட்டை ஒவ்வொரு ஜோய்ஸ்ட் இடைவெளிக்கும் அளந்து வெட்டி, சுற்றிவரக் கால் அங்குலம் விட்டு வைத்து, அந்த விளிம்பை டப்பா ஃபோமால் நிரப்பு. வீட்டைச் சுற்றி இரண்டு பேர் இரண்டு நாள் வேலை, பொறுமைதான் வேண்டும். ஆள் வைத்து ஸ்ப்ரே ஃபோம் அடிப்பித்தால் சுத்தமாக வரும், செலவு கூட, அடித்து முடித்து அவர்கள் சொல்கிற நேரம் வரைக்கும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இருங்கள். புகைக்குழாய் பக்கத்தில் மட்டும் எந்த ஃபோமும் வேண்டாம், அங்கே தகரமும் வெப்பம் தாங்கும் கோல்க்கும்தான்.

சுதா: சுவருக்கு?

குகன் மாமா: சுவர் இந்த மாரியில் இல்லை. குழாயை மாற்றிவிட்டு, வசந்தத்தில் பனி உருகி மழையும் பெய்யட்டும். அந்த மூலை காய்ந்தே இருந்தால் ஃபோம் போர்டைப் பிளாக்கோடு நேரே ஒட்டி, பொருத்துகளுக்கு டேப், அதன் முன்னால் மரச்சட்டம், அதற்குள் கல்பஞ்சு. ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கிற அளவு, கூடக் கூட நல்லது. வெறும் பிளாக் சுவர் ஆர்-1, ஆர்-2தான் வரும். இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் ஃபோம் போர்ட் ஆர்-10, கல்பஞ்சு ஆர்-14. இன்றைய புது வீட்டுச் சுவருக்குக் குறைவில்லை. முன்னால் பொலித்தீன் தேவைப்படாது, ஆனால் பெர்மிட் எடுக்கிறபோது இன்ஸ்பெக்டரிடம் அதை முன்பே கேட்டுக்கொள், சிலர் பழக்கத்தில் கேட்பார்கள். ஃபோம் எரியக்கூடியது, அதனால் ட்ரைவோலால் மூடாமல் விடக்கூடாது. காய்ந்திருக்கவில்லை என்றால் வெளியே தோண்டுகிற பேச்சு, அது பெரிய காசு, அப்போது பார்ப்போம்.

தர்ஷி: தரையில் என்ன இருக்கிறது சுதா? பழைய சின்னச் சதுர டைல் என்றால் கையே வைக்காதே.

சுதா: கார்பெட் போட்டிருக்கிறது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்பது அங்குலச் சதுர டைல், பச்சையும் கறுப்பும்.

தர்ஷி: அதேதான். அந்தக் கால ஒன்பது அங்குல டைலிலும் அதன் பசையிலும் அஸ்பெஸ்டஸ் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உடையாமல் கிடந்தால் ஆபத்து இல்லை. சுரண்டுவது, அரைப்பதுதான் கூடாது. ஆய்வுகூடத்துக்கு ஒரு துண்டு அனுப்பிக் கேட்கலாம்.

நிரோஷன்: ஃபர்னஸ் குழாய்ப் பொருத்துகளில் வெள்ளைக் கடதாசி மாதிரிச் சுற்றியிருந்தாலும் அதே கதை. பிளாக்கில் துளை போட்டால் பொன்னிறத் துகள் கொட்டுகிறதா என்றும் பார், குளிருக்காகப் பிளாக்குக்குள் கொட்டிய வெர்மிக்குலைட் என்ற கனிமம் என்றால் நிறுத்திவிடு. அமெரிக்காவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்தில் இருந்து வந்ததில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது, 1990 வரைக்கும் தோண்டினார்கள்.

நிரோஷன்: மண்ணில் இருந்து வீட்டுக்குள் ஏறுகிற கதிரியக்க வாயு ரேடன், அதை அளக்கிற கிட் ஒன்றும் வாங்கி இந்த வாரமே கீழே வை. மூன்று மாதம் வைக்கவேண்டும், மாரிதான் சரியான காலம். ஹெல்த் கனடா வைத்த எல்லை கனமீட்டருக்கு 200 பெக்கரல். அதற்கு மேல் வந்தால் தரையை மூடுவதற்கு முன்பே குழாய் போட்டு வெளியேற்றுவது சுலபம்.

ராசன் சித்தப்பா: இந்த மாதிரி வேலைகளுக்கு அரசாங்கம் காசு தந்ததே, இப்போதும் தருகிறதா?

தர்ஷி: மத்திய அரசின் ஐயாயிரம் டொலர் உதவி 2024இலேயே மூடியாயிற்று சித்தப்பா. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் புதிதாக ஒன்று தொடங்கினார்கள், தொடங்கியபோது இன்சுலேஷனுக்கும் காற்று அடைப்புக்கும் பணம் இருந்தது, இப்போதைய நிலையைக் கேட்டுப் பாருங்கள். சுதா, வேலை தொடங்குவதற்கு முன் எரிசக்தி மதிப்பீட்டாளர் வந்து அளந்துவிட்டுப் போகவேண்டும். முந்தி ஒரு ஆணி அடித்தாலும் பிறகு கேட்கமுடியாது. அவரே புளோவர் டோரும் வைப்பார்.

சுதா: அப்படியானால் கொன்ட்ராக்டருக்கு வேண்டாம் என்று போட்டுவிட்டேன். முற்பணம் கொடுக்கவில்லை, நல்லகாலம். பெரியம்மா, சின்னவனுக்கு மேலே இடம் ஒதுக்கிவிட்டேன். மதிப்பீட்டாளர் வந்து போனதும் ரிம் ஜோய்ஸ்டைத் தொடங்கலாமா மாமா?

நிரோஷன்: ஒரு விஷயம் பாக்கி. சுடுதண்ணீர் டாங்கின் தலையைப் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்க்காமல் ஒருவரும் ஓட்டை அடைக்கவேண்டாம்.

சுதா: (படம்) மேலே தகரத் தொப்பி மாதிரி, அதற்கும் டாங்குக்கும் இடையில் திறந்திருக்கிறது.

நிரோஷன்: நினைத்தேன். இது தானாக மேலே போகிற புகையை நம்பியிருக்கிற வகை. வீட்டை இறுக்கிவிட்டு, பெரியம்மா மேலே மீன் பொரிக்க அந்தப் பெரிய குசினி ஃபேனைப் போட்டால், வெளியே போகவேண்டிய புகை அந்த இடைவெளியால் பேஸ்மென்டுக்கே திரும்பும். காபன் மொனொக்சைட், மணமே இல்லாத நச்சு வாயு. கீழே அதற்கு அலாரம் இருக்கிறதா?

சுதா: மேலே மட்டும்தான்.

நிரோஷன்: நாளைக்கே கீழேயும் ஒன்று. டாங்க் உங்களுடையதா வாடகையா?

சுதா: வாடகை. மாதாமாதம் காஸ் பில்லோடு வருகிறது.

நிரோஷன்: நல்லது, கம்பனிக்குப் போன் எடுத்து, ஃபேனால் வெளியே தள்ளுகிற பவர் வென்ட் டாங்குக்கு மாற்ற வாடகை எவ்வளவு கூடும் என்று கேள். புது ஒப்பந்தம் அனுப்புவார்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு, இடையில் விலகினால் என்ன கட்டவேண்டும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சுதா: சரி அண்ணா, திங்கட்கிழமை எடுக்கிறேன்.

குகன் மாமா: அதற்குள் ஜோய்ஸ்ட் இடைவெளிகளை அளந்து போடு, எல்லாம் ஒரே அளவு என்று நினைக்காதே, ஒவ்வொன்றாக அள.