புதுப்பிப்பு: ஆஸ்பிரினால் சிறுகுடல் பாதிப்பு, ரத்தப் பரிசோதனை காட்டியது என்ன?

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தபின் நெடுங்காலமாக 75 மி.கி. ஆஸ்பிரின் எடுக்கும் அப்பாவுக்கு ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வருகிறது, எண்டோஸ்கோபியிலும் (இரைப்பைவரை பார்ப்பது) கொலனோஸ்கோபியிலும் (பெருங்குடலைப் பார்ப்பது) ஒன்றும் தெரியவில்லை, குடல் பாதிப்பை ரத்தத்தில் கண்டறிய முடியுமா என்று கேட்டிருந்தேன்.

ஃபெரிட்டினை (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு) மட்டும் நம்பாமல் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் அளவு), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஃபெரிட்டின் 68, பார்வைக்கு இயல்பு. ஆனால் சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது; டிரான்ஸ்ஃபெரின் செறிவு வெறும் 9 சதவீதம். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் ஏறி, இரும்புச்சத்துக் குறைவை மறைத்துவிடும். ரத்தப் புரதமான அல்புமினும் சற்றுக் குறைவு. இவற்றில் எதுவும் குடலைத்தான் என்று சுட்டிக்காட்டாது. எங்கோ ரத்தம் கசிகிறது என்ற சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவே. சிறுகுடலில் இருந்த புண்களைக் காட்டியது கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி (கேமரா உள்ள மாத்திரையை விழுங்கிச் செய்யும் பரிசோதனை).

எதிர்பாராத செய்தி ஒன்று: அப்பா தவறாமல் எடுத்துவந்த பான்டோபிரசோல் (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை) இரைப்பையைக் காக்குமே தவிர, சிறுகுடலைக் காக்காது.

இதயநோய் மருத்துவர் ஆஸ்பிரினை மாற்றி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெல் கொடுத்திருக்கிறார். தயவுசெய்து யாரும் தாமாக ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. இரும்புச்சத்து மருந்தும் சேர, ஹீமோகுளோபின் 9.2இலிருந்து 11.6க்கு ஏறியிருக்கிறது.